உறையோடு வைப்பதா, பிரித்து எடுப்பதா?

வாசகர் கேள்வி, 2 ஜூன் 2024

தேவகோட்டை வீட்டைத் திறந்து சுத்தம் செய்தபோது, இரண்டாங்கட்டு அறையில் ஒரு தகரப்பெட்டி நிறையப் பழைய கடிதங்கள் கிடைத்தன. பெரும்பாலும் பர்மா, கொஞ்சம் மலேயா. என் மகனுக்கு ஒன்பது வயது. தபால்தலைகளைப் பிரித்து ஆல்பத்தில் ஒட்ட வேண்டும் என்று நச்சரிக்கிறான். நானும் அவனும் சேர்ந்து செய்ய ஏதாவது ஒன்று வேண்டும் என்று எனக்கும் ஆசை. பிரிக்கலாமா? எப்படிப் பிரிப்பது?

2 ஜூன், இரவு

பிரிக்காதீர்கள்.

2 ஜூன், நள்ளிரவுக்குச் சற்று முன்

ஒற்றைச் சொல்லில் பதில் எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் பிடிக்கவில்லை. காரணம் சொல்லாமல் தடை போடுவது எங்கள் அப்பத்தாவின் வழக்கம். எனக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் பிரித்தோம், அதனால்தான் சொல்கிறேன். காரைக்குடி வீட்டில் ஒரு மரப்பெட்டி. எங்கள் பக்கத்தில் அப்பாவின் அப்பா ஐயா, அப்பா அப்பச்சி. எங்கள் ஐயாவுக்கு அவருடைய அப்பச்சி ரங்கூனிலிருந்து எழுதியவை அதில் கட்டுக்கட்டாக இருந்தன. 1927இல் தொடங்கி 1941 வரை. பிற்பகுதியில் ஐயாவே கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போன பிறகு வீட்டுக்கு எழுதியவையும் உண்டு. 1981 கோடை விடுமுறையில் என் அப்பச்சி வெந்நீர் வைத்து இருநூறு தபால்தலைகளுக்கு மேல் பிரித்தார். நான் பக்கத்தில் எடுபிடி. உள்ளே இருந்த கடிதங்கள் பெட்டிக்குத் திரும்பின. உறைகள் அடுப்புக்குப் போயின.

எனக்குத் தபால்தலை கற்றுக்கொடுத்தவர் அப்பச்சி. இந்த விஷயத்தில் பெரிய பிழை செய்தவரும் அவர்தான்.

3 ஜூன், காலை

உறையில் அப்படி என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

1937 மார்ச் 31 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். அங்கே ஒட்டியதும் இங்கே ஒட்டியதும் ஒரே இந்தியத் தபால்தலை, கட்டணமும் உள்நாட்டுக் கட்டணம். ஏப்ரல் 1 அன்று பிரிந்த பிறகுதான் அதே ஐந்தாம் ஜார்ஜ் தலையின்மேல் ‘பர்மா’ என்று அச்சடித்து விற்றார்கள். அடுத்த ஆண்டு சொந்தப் படங்களோடு ஒரு வரிசை வந்தது. தேக்கு இழுக்கும் யானை எல்லாம் அதில்தான். ஆக, 1937க்கு முந்தைய சாக்லேட் நிற ஓரணாத் தலை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அது ரங்கூனில் ஒட்டியதா, ராயவரத்தில் ஒட்டியதா என்று தலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. முத்திரைதான் சொல்லும். அந்த வட்ட முத்திரையோ பாதி தலையின்மேல், பாதி உறையின்மேல் விழுந்திருக்கும். தலையைப் பிரித்தால் ஊர்ப்பெயரை இரண்டாக வெட்டிவிட்டோம் என்று பொருள்.

இன்னொன்று, உறையின் பின்பக்கம். கடிதம் வந்துசேர்ந்த அஞ்சலகமும் அங்கே ஒரு முத்திரை குத்தும். முன்னால் புறப்பட்ட தேதி, பின்னால் சேர்ந்த தேதி. ரங்கூனில் கப்பலேறிச் சென்னையில் இறங்கி ரயிலேறி எத்தனை நாளில் வீட்டு முகப்புக்கு வந்தது என்பதை விரல்விட்டு எண்ணிவிடலாம். வேறு எந்தக் கணக்கேட்டிலும் இது கிடைக்காது.

எங்கள் ஆல்பத்தில் இப்போது கால் முத்திரையும் அரை முத்திரையுமாக இருநூற்றுச் சொச்சம் தலைகள் இருக்கின்றன. ஊர்ப்பெயரின் வாலும் தலையும்தான் மிச்சம்.

3 ஜூன், மாலை

திருத்தம். 1981 என்று எழுதினேன். தவறு. 1982 நவம்பரில் வந்த ஆசிய விளையாட்டுப் போட்டித் தலைகளை அப்பச்சி அஞ்சலகத்தில் வரிசையில் நின்று வாங்கிவந்தார். அவற்றை ஒட்டிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில்தான் ரங்கூன் தொடங்குகிறது. எனவே 1983. உறுதிப்படுத்த இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கடைசியாகத் தண்ணீர் வைத்து உட்கார்ந்தது, கபில்தேவ் கோப்பையைத் தூக்கியதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தெருவில் வெடி வெடித்துக்கொண்டிருந்தது, அப்பச்சி இடுக்கியைக் கீழே வைக்கவில்லை.

இரண்டு வருடப் பிழை பெரிதில்லை என்பீர்கள். தபால்தலைக்காரனுக்குப் பெரிது.

4 ஜூன்

பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பிரித்த விதத்தை எழுதுவது முரண்தான். ஆனாலும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் எழுத ஆசை.

வீட்டு நடு முற்றமான வளவில் வெயில் நேராக விழும். அங்கே வேண்டாம், சுருண்டுவிடும் என்று பட்டாலைப் பக்கம் நிழலில் உட்காருவோம். நீல விளிம்பு வைத்த எனாமல் பேசின் ஒன்று. அப்பச்சி வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து, முழங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். குழந்தையைக் குளிப்பாட்ட ஆத்தாமார்கள் பார்ப்பார்களே, அதே போல. உறையின் மூலையைத் தலையோடு வெட்டி, படம் கீழே இருக்கும்படி மிதக்கவிடுவார். அதன்பிறகு கை வைக்கக் கூடாது. எனக்கு அதுதான் கொடுமை. பத்து நிமிடம், சிலவற்றுக்கு அரை மணி. பசை நெகிழ்ந்து, உறைத்துண்டு தானாக விலகிக்கொள்ளும். தலை மட்டும் பேசினின் அடியில் கிடக்கும். அப்போது பார்க்க வேண்டும்: ஈரத்தில் தாளின் முதுகில், தாளுக்குள்ளேயே பதிந்த நீர்க்குறியாக நட்சத்திரங்கள் தெரியும். நாசிக் அச்சகத்தில் 1926 முதல் அச்சானவற்றில் பல நட்சத்திரங்கள், அதற்கு முன் லண்டனில் அச்சானவற்றில் ஒற்றை நட்சத்திரம். காய்ந்தால் மறைந்துவிடும். “பார்த்தாயா?” என்பார். நான் “பார்த்தேன்” என்பேன். ஒரு மணி நேரத்தில் எங்களுக்குள் நடக்கும் உரையாடல் அவ்வளவுதான்.

அப்பச்சி அரிசி ஆலையில் கணக்கெழுதியவர். வீட்டில் எண்ணி எண்ணித்தான் பேசுவார். அந்தப் பேசினுக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது அவருடைய மௌனம் எனக்குப் பயமாக இருந்ததில்லை.

எடுத்த தலைகளைப் பழைய செய்தித்தாளில் குப்புற வைத்து, மேலே இன்னொரு தாள், அதன்மேல் ஆலையின் காலாவதியான பேரேடு. மறுநாள் காலை பல் துலக்குவதற்கு முன்னால் பேரேட்டைத் தூக்கிப் பார்ப்பேன். இஸ்திரி போட்டது போல இருக்கும்.

சாயம் போகிற உறை இருக்கிறதே, அதில் கவனம். சிவப்பு உறை ஒன்றை மற்றவற்றோடு சேர்த்துப் போட்டு, பதினோரு ஐந்தாம் ஜார்ஜ்கள் வெற்றிலை போட்டதுபோல ஆகிவிட்டார்கள். இன்றும் அப்படியே இருக்கிறார்கள்.

5 ஜூன்

“பெட்டியில் இருப்பது லட்சக்கணக்கில் போகுமா?” என்று கேட்டவருக்கு: போகாது. ஓரணா ஜார்ஜ் கோடிக்கணக்கில் அச்சானவர். பிரித்த தலையாக விற்றால் ஒரு டீக்குக் காணாது. உறையோடு, இரண்டு பக்க முத்திரையும் தெளிவாக இருந்தால் மதிப்பு உண்டு, ஆனால் அதுவும் வீடு கட்டும் பணம் இல்லை. விலை தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கேள்வி என்றால் பெட்டியை மூடிவைத்துவிடுங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். கதவு, நிலை, தூண், பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு என்று இடித்த வீடுகள் அங்கே வந்து சேரும். கடிதக் கட்டுகளும் வரும். ஆறு வருடங்களுக்கு முன் ஒரு கட்டு வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் எங்கள் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி இருந்த குடும்பத்தின் கடிதங்கள். “சிவமயம்” என்று தொடங்கி, வட்டி வரவு, வயல் விலை, நடுவில் யாருக்கோ வயிற்றுவலி. இரண்டு படித்துவிட்டு மூடிவிட்டேன். அடுத்த வீட்டுச் சன்னலில் எட்டிப் பார்த்தது போல இருந்தது. கொண்டுபோய்க் கொடுக்க அந்த வீட்டில் ஆள் இல்லை, பூட்டுத்தான் தொங்குகிறது. உறைகளை மட்டும் பார்க்கிறேன், உள்ளே இருப்பதைத் தொடுவதில்லை. இது நேர்மையா, பாசாங்கா என்று எனக்கே தெரியவில்லை.

7 ஜூன்

இந்தக் கேள்வி பதில் இழை வேறு பக்கம் போகிறது என்று ஒருவர் சிணுங்குகிறார். போகட்டும்.

அப்பச்சிக்கு இந்தக் கிறுக்கு எப்படி வந்தது என்று முன்பே எழுதியிருக்க வேண்டும். அவர் பிறந்தது 1941 நவம்பர். ஐயா அப்போது ரங்கூனில், மொகல் தெருவில். போருக்குப் பிறகு மறுபடி போனார். 1964இல் எல்லாவற்றையும் அரசுடைமை ஆக்கி, பெரிய நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்த பிறகுதான் முடிவாகத் திரும்பினார். இடையில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்து சில மாதம் இருப்பார். ஆக, அப்பச்சிக்கு அவருடைய அப்பச்சி என்பது பெரும்பாலும் கையெழுத்துத்தான்.

எட்டு, ஒன்பது வயதில் அப்பச்சி ஒரு கடிதத்தில், “தபால்தலை சேர்க்கிறேன், ஒரே மாதிரி அனுப்ப வேண்டாம்” என்று எழுதினாராம். அதற்கு ஐயா தனியாகப் பதில் எழுதவில்லை. அடுத்த உறையில் வழக்கமாக ஒட்டும் ஒரு தலைக்குப் பதில், அதே கட்டணத்தைச் சில்லறையாக உடைத்து நான்கு வெவ்வேறு தலைகள் இருந்தன. பிரம்புப் பந்து ஆடுகிறவர் ஒன்றில் இருக்கிறார். 1949இல் சுதந்திர பர்மா வெளியிட்ட வரிசை அது. அதன்பிறகு வந்த உறைகள் எல்லாம் அப்படித்தான், முகவரி எழுத இடமில்லாமல். அவற்றை அப்பச்சி கத்தரியால் சதுரமாக வெட்டி வைத்திருக்கிறார். பிரிக்கவில்லை, வெட்டினார். பல்வெட்டு ஓரங்கூடச் சில இடங்களில் போய்விட்டது.

ஆல்பத்தில் 1941க்கும் அடுத்த பர்மாக் கடிதத்துக்கும் நடுவில் ஒரு வெற்றுப் பக்கம் உண்டு. சிறுவயதில் அதில் ஒட்டப்போனேன், கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வருடங்களில் அங்கிருந்து கடிதம் வரவில்லை. வர வழியும் இல்லை. ஜப்பானியர்கள் அங்கே பழைய பர்மாத் தலைகளின்மேல் மயில் அச்சடித்து விற்றார்கள். அவற்றை விலைக்கு வாங்கி அந்தப் பக்கத்தை நிரப்பலாமே என்று கல்லூரி நாட்களில் சொன்னேன். “அது நமக்கு வந்தது இல்லை” என்றார்.

வெற்றுப் பக்கத்துக்கு முந்தைய கடைசித் தலை, ஆறாம் ஜார்ஜ். அது ஒட்டியிருந்த கடிதம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. தேதி 1941 டிசம்பர் 15. ஆண்பிள்ளை பிறந்த செய்தி கிடைத்தது என்று ஐயா எழுதியிருக்கிறார். எட்டு நாள் கழித்து, 23ஆம் தேதி ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது. ஐயா பிப்ரவரியில் கப்பலில் வந்து சேரும்வரை உயிரோடு இருக்கிறாரா என்பதே வீட்டுக்குத் தெரியாது. அந்தக் கடிதம் குண்டு விழுந்த செய்திக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா? அப்பத்தா அதை எந்த மனநிலையில் படிக்கச் சொல்லிக் கேட்டார்? உறையின் பின்பக்கம் ஒரு வட்டம் இருந்திருக்கும். அதில் தேதி இருந்திருக்கும். 1983இல் அதைத்தான் அடுப்பில் வைத்தோம்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னேன் என்று?

கேள்வி கேட்ட வாசகர், 8 ஜூன்

உங்கள் குறிப்புகளைப் படித்துவிட்டு எழுதக் கூச்சமாக இருந்தது. நான் கேள்வி கேட்பதற்கு முன்பே மகன் நான்கைந்து தலைகளை நகத்தால் உரித்துவிட்டான். இரண்டு கிழிந்துவிட்டன. நீங்கள் டிசம்பர் கடிதம் பற்றி எழுதியதைப் படித்த பிறகு கோபத்தில் ஓர் அறை வைத்துவிட்டேன். நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. பெட்டி பக்கமே வரமாட்டேன் என்கிறான்.

8 ஜூன், அடுத்த ஐந்து நிமிடத்தில்

அறைந்தீர்களா? என் குறிப்பைப் படித்துவிட்டா?

8 ஜூன், இரவு

நான் எழுதியதால் ஒரு பையனுக்கு அடி விழுந்திருக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளை அப்பச்சியிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். அவருக்கு 82 வயது, நடுப்பார்வை மங்கிவிட்டது. ஆனால் கணக்குப்பிள்ளை, மறக்க மாட்டார்.

9 ஜூன், காலை 11

கேட்டேன். நான் இந்த இழையில் முதல் நாள் எழுதியதைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

முகப்பில் சாய்வு நாற்காலியில் இருந்தார். “ஐயா கடிதங்களை எல்லாம் ஏன் அப்பச்சி பிரித்தோம்? உறையோடு வைத்திருக்கலாமே?” என்று கேட்டேன். குற்றச்சாட்டுப் போலத்தான் இருந்திருக்கும். நாற்பது வருடமாக உள்ளே வைத்திருந்த கேள்வி.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பிரித்தது நீ” என்றார்.

அவர் சொன்னதை என் சொற்களில் எழுதுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை ஆலையிலிருந்து வந்தபோது நான் மரப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தால் உரித்துக்கொண்டிருந்தேனாம். அப்பத்தா உச்சிவேளைத் தூக்கத்தில். நான்கு உறைகள் முடிந்து ஐந்தாவது கையில். “யாரைக் கேட்டு எடுத்தாய்?” என்றதற்கு நான், “என் பெயர்தானே போட்டிருக்கிறது, எனக்கு வந்த கடிதம்தானே” என்றேனாம்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக: மூத்த பேரனுக்கு ஐயாவின் பெயரை வைப்பது வழக்கம். எனக்கு ஐயா பெயர். அப்பத்தா கணவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் கடைசிவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஆக அந்த வீட்டில் என் பெயரை முழுதாகப் பார்க்கக் கிடைத்த இடங்கள் இரண்டுதான். ஒன்று பள்ளிக்கூடப் பதிவேடு. இன்னொன்று அந்த உறைகள்.

“அதற்கு என்ன பதில் சொல்வது?” என்றார் அப்பச்சி. “அடித்தால் நீ மறைவாகப் போய் மிச்சத்தையும் கிழிப்பாய். அப்பத்தா எழுந்தால் ஊரைக் கூட்டுவாள். வெந்நீர் வைத்தேன்.”

“உறைகளை ஏன் எரித்தீர்கள்?”

“மூலை வெட்டிய உறையை அப்பத்தா கண்ணில் படாமல் வேறு எங்கே வைப்பது?”

9 ஜூன், மதியம்

சரிபார்க்காமல் விட மனம் வரவில்லை. அப்பா சொன்னாலும் ஆதாரம் பார்க்கிற வியாதி. ரங்கூன் பக்கத்தைத் திறந்து முதல் வரிசையை இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். தண்ணீரில் பிரித்த தலையின் முதுகு ஒரே சீராக இருக்கும். உரித்த தலையில் தாளின் ஒரு படலம் உறையோடு போயிருக்கும், அந்த இடம் மட்டும் தோசையின் நடுப்பகுதி போல மெலிந்து வெளிச்சத்தை விடும்.

முதல் நான்கும் மெலிந்தவை. ஒன்றில் என் நகத்தின் பிறை அப்படியே இருக்கிறது.

ஐந்தாவதிலிருந்து சீர்.

9 ஜூன், இரவு

தேவகோட்டைக்காரருக்கு மேலே எழுதியதையே பதிலாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். உங்கள் மகனிடம், காரைக்குடியில் ஐம்பது வயதுக்காரர் ஒருவரும் இதே வேலை செய்திருக்கிறார் என்று சொல்லுங்கள். கிழிந்த இரண்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

12 ஜூன்

நேற்று அப்பச்சி, “பச்சை அட்டை நோட்டு எங்கே?” என்றார். எந்த நோட்டு? “எழுதினோமே.” எனக்கு நினைவே இல்லை. அலமாரியில் ஆலைக் கணக்குகளுக்கு நடுவே கிடந்தது. ராமபாணப் பூச்சி ஓரத்தைத் தின்றிருக்கிறது, எழுத்துத் தப்பித்தது.

ஒவ்வோர் உறையையும் வெட்டுவதற்கு முன் எழுதியிருக்கிறார்: எண், ஊர், புறப்பட்ட தேதி, காரைக்குடி சேர்ந்த தேதி, நாள். ‘9. ரங்கூன். 4 மார்ச் 1931. 10 மார்ச். 6 நாள்.’ பெரும்பாலும் ஆறு, ஏழு. பர்மாவின் ஐராவதி டெல்டாப் பக்கத்து ஊர் என்றால் ஒன்பது. இருபத்தொன்று வரை அவருடைய சாய்வெழுத்து. இருபத்திரண்டிலிருந்து கோணல் மாணலாக என் கையெழுத்து. அவர் முத்திரையைப் படித்துச் சொல்ல நான் எழுதியிருக்கிறேன். ‘புரப்பட்டது’ என்று ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறேன், அவர் ஒன்றைக்கூடத் திருத்தவில்லை.

முப்பத்தேழோடு நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, ஞாயிறு ஒரு நாள்தான் கிடைக்கும், எழுதினால் பிரிக்க நேரம் இல்லை. “இருவருக்கும் பொறுமை இல்லை” என்றார். டிசம்பர் 15 உறை அந்த முப்பத்தேழில் இல்லை. மூன்று முறை பார்த்துவிட்டேன்.

முப்பத்தேழு உறைகளின் வரலாறாவது தப்பித்ததே என்று துள்ளியதும் அரை மணி நேரம்தான். தலைகளை அவர் நோட்டின் வரிசைப்படி ஒட்டியிருந்தார். ஒன்பதாம் வகுப்பில் எனக்குத் தபால்தலைக்காரன் என்ற கர்வம் ஏறியது. ‘முறைப்படி’ வைக்க வேண்டும் என்று முதல் வரிசை தவிர எல்லாவற்றையும் பிரித்து, விலை வாரியாக, நிற வாரியாக மாற்றி ஒட்டினேன். அரையணாப் பச்சை எல்லாம் ஓரிடம், ஓரணாச் சாக்லேட் எல்லாம் ஓரிடம். பார்க்க அழகாக இருக்கிறது. எது எந்த எண் என்று இப்போது பிரம்மாவுக்கும் தெரியாது.

13 ஜூன்

என் பையனுக்கும் இந்த ஆர்வம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. எட்டு வயதில் புது ஆல்பம் வாங்கிக்கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் வீரர்கள். எங்களுக்குள் தபால்தலை ஒட்டவில்லை. அவனுக்குப் பழைய வானொலிப் பெட்டிகளைத் திறந்து வால்வு மாற்றுவதில் பித்து, என்னை ஈயப்பற்று வைக்கவே விடமாட்டான், கை நடுங்குகிறதாம். நான் டார்ச் பிடிப்பேன்.

பொழுதுபோக்கைப் பிள்ளைக்குச் சொத்து மாதிரி எழுதி வைக்க முடியாது. அவன் எதைக் கிழித்துக்கொண்டிருக்கிறானோ அதன் பக்கத்தில் போய் உட்கார முடிந்தால் உண்டு.

தேவகோட்டைக்காரருக்கு நடைமுறை யோசனை, முதல் நாள் சொன்ன ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக. எல்லா உறைகளையும் முன்னும் பின்னும் கைப்பேசியில் படம் எடுங்கள். நோட்டு ஒன்றில் எண் போட்டு எழுதுங்கள், எழுதுகிற வேலையைப் பையனிடம் விடுங்கள். உறையிலும் பென்சிலால் அதே எண். பசை வேண்டாம், செல்லோ டேப் வேண்டவே வேண்டாம், மலிவான பிளாஸ்டிக் உறையும் நாளடைவில் தலையில் ஒட்டிக்கொள்ளும். மலேயாக் கட்டில் பாயும் புலி படம் போட்ட தலைகள் இருக்கும், பையனுக்குப் பிடிக்கும், உறையோடே காட்டுங்கள். பேசினில் மிதக்கவிடும் ஆசைக்கு, இன்றைய கடிதங்களிலிருந்து வெட்டிய துண்டுகளைக் கொடுங்கள். ஒன்பது வயதுக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். அதை மறுத்துவிட்டு ஆல்பத்தை மட்டும் நீட்டினால் தொடமாட்டான்.

கேள்வி கேட்ட வாசகர், 15 ஜூன்

நேற்று எண் 14 வரை எழுதியிருக்கிறோம். கிழிந்த இரண்டுக்கும் 1, 2 என்று எண் போடச் சொன்னான். நட்சத்திரம் எதிலும் தெரியவில்லை என்று உங்களிடம் கேட்கச் சொல்கிறான்.

15 ஜூன்

தண்ணீரில்தான் தெரியும் என்று சொல்லுங்கள். பழம்பொருள் கடைகளில் பழைய இந்தியத் தலைகள் பொட்டலமாகக் கிடைத்தால் ஒன்று வாங்கி நனைத்துக் காட்டுங்கள். உங்கள் பெட்டியில் கை வைக்க வேண்டாம்.

16 ஜூன்

பச்சை நோட்டை வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் அப்பச்சியும் நானும் உட்காருகிறோம். நான் பூதக்கண்ணாடியில் அரை முத்திரையைப் பார்த்து, தெரிகிற எழுத்தையும் எண்ணையும் வாசிக்கிறேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார், நோட்டின் எந்த வரி என்று சொல்கிறார். “மார்ச், 31” என்றதும், “ஒன்பது” என்றார், நோட்டைப் பார்க்காமல். இதுவரை பதினொன்று சேர்ந்திருக்கின்றன. சேர்ந்த தலையின் கீழே ஆல்பத்தில் பென்சிலால் எண் எழுதுகிறேன்.

பன்னிரண்டாவதில் தகராறு. தலையில் ஆங்கில ‘எம்’ எழுத்து முழுதாக, அடுத்த எழுத்தின் கால்வாசி, வருடம் 32. நோட்டில் 1932இல் ‘எம்’ எழுத்தில் தொடங்கும் ஊர் இரண்டு: எண் 14 மோல்மேன், எண் 30 மௌபின். ஆங்கிலத்தில் எழுதினால் மோல்மேனுக்கு இரண்டாவது எழுத்து ‘ஓ’, மௌபினுக்கு ‘ஏ’. என் கண்ணுக்குத் தெரிவது சாய்ந்த கோடு. ஆகவே ‘ஏ’, ஆகவே 30. அப்பச்சி ஒப்புக்கொள்ளவில்லை. வட்ட முத்திரையில் எழுத்து சாய்ந்துதான் நிற்கும், வளைவின் ஒரு துண்டைப் பார்த்துவிட்டு நேர்கோடு என்கிறாய், மோல்மேன் உறையில் மை அப்பியிருந்தது எனக்கு நினைவிருக்கிறது, 14 தான் என்கிறார். பார்க்க முடியாதவர் நினைவை வைத்து வாதாடுகிறார், பார்க்கிறவன் கண்ணாடியை வைத்து.

சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் மனைவி ஓய்ந்துபோனார்.

18 ஜூன்

சமரசமாக அந்தத் தலையின் கீழே ‘14 அல்லது 30’ என்று நேற்றுப் பென்சிலால் எழுதி வைத்தேன்.

இன்று காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் யாரோ ரப்பரால் தேய்த்திருக்கிறார்கள். வீட்டில் அப்போது இருந்தது அப்பச்சி மட்டும். நடுப்பார்வை மங்கியவர், சரியாக ‘அல்லது 30’ஐ மட்டும் அழித்திருக்கிறார்.